ஊசிக்குள் என்ன இருக்கிறது? நம் பக்கம் இருநூறு ஆண்டுகளாகக் கேட்கப்படும் கேள்வி



கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் புதன்கிழமை என்றாலே தடுப்பூசி நாள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாள் நெருங்கும்போதுதான் கைபேசியில் செய்திகளும் வரத் தொடங்கும். ஊசியில் பாதரசம் இருக்கிறதாம், அலுமினியம் இருக்கிறதாம், வெளிநாட்டில் தடை செய்துவிட்டார்களாம், மலட்டுத்தன்மை வருமாம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெற்ற மனம் பதறத்தான் செய்யும். நம் கையால் தூக்கிக்கொண்டு போய் நாமே காட்டி ஊசி போடச் சொல்கிறோம் அல்லவா?

இப்படிக் கேட்பவரை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. சந்தேகம் வந்தவுடனே ஊசியே வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிடுகிறவர்களும் உண்டு. இரண்டு வழியும் நல்லதல்ல என்பதை நம் வட்டாரத்தின் வரலாறே காட்டுகிறது. 1997 வரை காஞ்சிபுரமும் திருவள்ளூரும் தனித்தனி மாவட்டங்கள் அல்ல. உத்திரமேரூரிலிருந்து திருவள்ளூர் வரை எல்லாம் ஒரே செங்கல்பட்டு மாவட்டமாகத்தான் இருந்தது. அந்த மாவட்டமும் பக்கத்துச் சென்னையும் தடுப்பூசி வரலாற்றில் உலகம் அறிந்த இடங்கள். ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று இங்கே ஒவ்வொரு தலைமுறையும் கேட்டிருக்கிறது. சில நேரம் கேட்டவர் பக்கம் நியாயம் இருந்தது. சில நேரம் வெறும் வதந்தியாக இருந்தது. இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

அம்மைப்பால் வந்த காலம்

பெரியம்மை நம் ஊர்களில் எப்படிப்பட்ட நோயாக இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால்கூடப் புரியாது. பிழைத்தவர் முகத்தில் தழும்பு நிற்கும், பலருக்குக் கண் போகும். வேப்பிலை கட்டி, மாரியம்மனை வேண்டி, வீட்டுக்குள் யாரையும் விடாமல் காத்திருப்பதைத் தவிர வேறு வழி அப்போது கிடையாது.

இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் 1796இல் மாட்டம்மைப் பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டினார். அந்த மருந்து 1802இல் இந்தியா வந்தது. பம்பாயில் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு முதலில் குத்தினார்கள். அதிலிருந்து எடுத்த பால் மற்ற ஊர்களுக்குப் போயிற்று, சென்னைக்கும் வந்தது.

அந்தக் காலத்தில் மருந்தைக் குளிரூட்டி வைக்கும் வசதி இல்லை. ஆகவே ஒரு குழந்தையின் கையில் குத்தி, ஒரு வாரம் கழித்துக் கொப்புளம் பழுத்ததும் அதிலிருந்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். கைக்குக் கை மாற்றும் முறை என்று பெயர். ஊர் ஊராக மருந்து இப்படித்தான் பயணம் செய்தது.

இப்போது ஒரு தாயின் இடத்திலிருந்து பாருங்கள். யாரோ ஒரு பிள்ளையின் புண்ணிலிருந்து எடுத்ததை என் பிள்ளையின் உடம்பில் ஏற்றுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு வேறு என்ன நோய் இருந்ததோ? என் பிள்ளையின் கொப்புளத்தை வேறு மறுபடி கீறப் போகிறார்கள். சாதி வித்தியாசம் பார்த்து மறுத்தவர்களும் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் நோய் ஒட்டிவிடும் என்ற பயம் மூடநம்பிக்கை அல்ல. இந்த முறையில் சிபிலிஸ் போன்ற நோய்கள் குழந்தைக்குக் குழந்தை பரவியது ஐரோப்பாவிலேயே நடந்து, பின்னால் மருத்துவர்களே ஒப்புக்கொண்டார்கள். இங்கோ மறுத்த பெற்றோரை அறியாமையில் மூழ்கியவர்கள் என்றே பல அதிகாரிகள் எழுதிவைத்தார்கள்.

சிலர் வேறு வழி பார்த்தார்கள். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த எல்லிஸ் துரையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னையில் கலெக்டராக இருந்தவர், தமிழறிஞர். மக்கள் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில், சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதுபோலத் தமிழில் ஒரு நூலை எழுதினார். பசு தரும் கொடைகளில் அம்மைப்பாலும் ஒன்று என்று சாமியே சொல்வதுபோல அது அமைந்தது. பழைய நூல் என்று எண்ணினால் மக்கள் ஏற்பார்கள் என்ற கணக்கு. நோக்கம் நல்லது, ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஊசியில் என்ன இருக்கிறது, அதனால் என்ன ஆகலாம் என்று பயந்தவருக்குச் சாமி சொல்லிவிட்டது என்று சொன்னால் பயம் எப்படிப் போகும்?

கிண்டியில் கிடைத்த பதில்

உண்மையான பதில் மருந்தை மாற்றியதில் வந்தது. 1899இல் கிண்டியில் கிங் நிலையம் தொடங்கியது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங் என்பவரின் பெயரால் அமைந்தது. கன்றுகளின் தோலில் மருந்தை வளர்த்து, சுத்தம் செய்து, கெடாமல் காத்து மாகாணம் முழுதும் அனுப்புவது அதன் முக்கிய வேலையாக இருந்தது. ஒரு பிள்ளையின் கொப்புளத்திலிருந்து இன்னொரு பிள்ளைக்கு மாற்ற வேண்டிய தேவை மெல்ல மறைந்தது. ஒருவர் நோய் மற்றவருக்குத் தொற்றும் என்ற பெரிய பயத்துக்கு அடிப்படையே இல்லாமல் போயிற்று.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். பெற்றோர் கேட்டதில் நியாயம் இருந்தது, மருந்து தயாரிக்கும் முறை மாறியது, ஏற்பு கூடியது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1980இல் உலகத்திலேயே அந்த நோய் இல்லை என்று அறிவித்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்களின் கையில் இருக்கும் வட்டத் தழும்பு அந்தக் கதையின் மிச்சம். மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பதும் நிற்கவில்லை. ஒன்று இருந்தால் மற்றொன்று கூடாது என்று நம் மக்கள் நினைக்கவே இல்லை.

ராஜாஜி கேட்ட கேள்வி

அடுத்த கேள்வி காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. பற்றி எழுந்தது. பிரான்சு நாட்டில் கால்மெட், கெரான் என்ற இருவர் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து, நோய் உண்டாக்கும் வலு போகும்படி செய்து உருவாக்கிய ஊசி அது. 1921இல் முதன்முதலாகக் குழந்தைக்குக் கொடுத்தார்கள். 1930இல் ஜெர்மனியில் லூபெக் நகரில் ஒரு பெரும் விபத்து நடந்தது. ஆய்வுக்கூடத்தில் உண்மையான காசநோய்க் கிருமி தடுப்பு மருந்தோடு கலந்துவிட, 70க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் இறந்தார்கள். ஊசியின் மூலப்பொருளில் குற்றமில்லை, தயாரித்த இடத்தில் நடந்த கலப்படம் என்று விசாரணை காட்டியது. ஆனாலும் அந்தப் பயம் உலகம் முழுக்க நீண்ட நாள் நின்றது.

இந்தியாவில் 1948இல் பி.சி.ஜி. வந்தது. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளியில் முதலில் போட்டார்கள். அதே ஆண்டு கிண்டியில் பி.சி.ஜி. மருந்து தயாரிக்கும் ஆய்வுக்கூடம் தொடங்கியது. பிறகு பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பெரிய அளவில் போடத் தொடங்கினார்கள். சென்னையில் ஏ. வி. ராமன் என்ற ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியாளர் இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். 1955இல் ராஜாஜியே களத்தில் இறங்கினார். ஓராண்டுக்கு முன்வரை முதலமைச்சராக இருந்தவர், இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். அவர் சொன்னால் மக்கள் கேட்காமல் இருப்பார்களா?

உயிருள்ள கிருமியை நோயில்லாத குழந்தையின் உடம்பில் ஏன் செலுத்த வேண்டும், இதனால் காசநோய் குறையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் எங்கே என்பவை அவர் தரப்பின் முக்கியக் கேள்விகள். மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் ஊசியை ஆதரித்துப் பதில் சொன்னார். செய்தித்தாள்களில் வாதம் நடந்தது. அரசு திட்டத்தைக் கைவிடவில்லை.

செங்கல்பட்டு சொன்ன விடை

யார் சொன்னது சரி என்பதை முடிவு செய்ய ஒரே வழி, பெரிய அளவில் சோதித்துப் பார்ப்பது. அந்தச் சோதனை நடந்த இடம் நம் பழைய மாவட்டம்தான். 1968இல் திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து ஆய்வைத் தொடங்கின. ஏறக்குறைய 2,60,000 பேர் பங்குகொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு பி.சி.ஜி., இன்னொரு பகுதியினருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்பது போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. பிறகு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். உலக மருத்துவ நூல்களில் இன்றும் இது செங்கல்பட்டு ஆய்வு என்றே பெயர் பெற்றிருக்கிறது.

1979இல் முடிவு வெளிவந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. இங்கே தடுக்கவில்லை. உலகமே அதிர்ந்துபோனது. 15 ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தபோதும் அதே முடிவு. ராஜாஜி 1972இலேயே மறைந்துவிட்டார். பலனுக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டவருக்கு, பெரியவர்களின் நுரையீரல் நோயைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி சரி என்ற விடை அவர் காலத்துக்குப் பின் வந்தது.

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். உயிருள்ள கிருமி நோயில்லாத பிள்ளைகளுக்குக் காசநோயைக் கொண்டுவரும் என்ற பயம் நிரூபணம் ஆகவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்த அரிதான சில குழந்தைகளுக்கு மட்டுமே அது ஆபத்து. பி.சி.ஜி. சிறு குழந்தைகளை மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயிலிருந்தும், உடம்பெல்லாம் பரவும் காசநோயிலிருந்தும் காப்பாற்றுகிறது என்பது வேறு ஆய்வுகளில் உறுதியானது. அதனால்தான் பிறந்தவுடன் போடுகிறார்கள். எதற்குப் பலன் உண்டு, எதற்கு இல்லை என்பதை நம் மாவட்டத்து மக்கள் கைநீட்டி ஊசி போட்டுக்கொண்டதால்தான் உலகம் தெரிந்துகொண்டது. கேள்வி கேட்பதும் விடை வரும்வரை ஒத்துழைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

2008: கலக்கும் நீரும் கவனமும்

இனி வருவது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 2008 ஏப்ரல் 23 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்தார்கள். தமிழகமே துடித்தது. அரசு ஊசிப் பணியை நிறுத்தி விசாரித்தது. பிறகு கிராமத்துக்கு வந்து போடுவதற்குப் பதில், மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் போடும்படி மாற்றியது.

தட்டம்மை மருந்து பொடியாக வரும். அதற்கென்று தனியாக வரும் நீரைக் கலந்துதான் போட வேண்டும். மருந்துக் குப்பி ஒன்று, நீர்க் குப்பி ஒன்று, ஊசிக்குழல் ஒன்று என்று மூன்று பொருள் இருக்கும் இடத்தில் தவறு நடக்கவும் மூன்று இடம் உண்டு. பசிபிக் கடலில் சமோவா என்ற சிறு தீவு நாடு. அங்கே 2018 ஜூலையில் 2 குழந்தைகள் ஊசி போட்டவுடன் இறந்தார்கள். விசாரித்தபோது, கலக்கும் நீருக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் காலாவதியான மருந்தைக் கலந்துவிட்டது தெரிந்தது. தடுப்பூசியில் கோளாறு இல்லை. ஆனால் அரசு பல மாதம் ஊசிப் பணியை நிறுத்திவைத்தது. மக்களும் நம்பிக்கை இழந்தார்கள். அடுத்த ஆண்டே தட்டம்மை புகுந்தது. 2 லட்சம் பேர் மட்டுமே வாழும் அந்த நாட்டில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னஞ்சிறு குழந்தைகள்.

இரண்டு மரணத்துக்குக் காரணம் கவனக்குறைவு. 83 மரணத்துக்குக் காரணம் ஊசி இல்லாமல் போனது. எந்தக் கேள்வியை எழுப்பினாலும் இந்தக் கணக்கை நாம் மறந்துவிடக் கூடாது.

அதே 2008ஆம் ஆண்டு ஜனவரியில் கிண்டி பி.சி.ஜி. ஆய்வுக்கூடம், குன்னூர் பாஸ்டர் நிலையம், கசௌலி மத்திய ஆய்வு நிலையம் ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் தயாரிப்பு உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்திவைத்திருந்தது. தரமான தயாரிப்புக்கான விதிமுறைகளை அவை நிறைவேற்றவில்லை என்பது காரணம். 2010இல் அந்தத் தடை நீங்கியது. பிறகு செங்கல்பட்டு அருகே பொதுத்துறையில் ஒரு பெரிய தடுப்பூசி வளாகம் கட்டினார்கள். நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம்தான். கட்டடம் எழும்பியும், 2021இல் கொரோனா உச்சத்தில் இருந்தபோதுகூட அங்கே உற்பத்தி தொடங்கியிருக்கவில்லை. குழந்தைக்குப் போடும் மருந்து எங்கே, யார் கண்காணிப்பில் தயாராகிறது என்பதும் குடிமக்கள் கேட்க வேண்டிய கேள்விதான்.

2017: பள்ளிக்கூட வாசலில் வதந்தி

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊசியைத் தமிழகத்தில் போடத் தொடங்கினார்கள். 9 மாதம் முதல் 15 வயது வரை 1 கோடியே 76 லட்சம் பிள்ளைகள் இலக்கு. பள்ளிகளிலேயே போடும் ஏற்பாடு. உடனே வாட்ஸ்அப்பில் வதந்தி புறப்பட்டது. புதிய மருந்தைச் சோதிக்கிறார்கள், பெண் பிள்ளைகளுக்குக் குழந்தை பிறக்காது என்றெல்லாம் பரவியது. பல பெற்றோர் அன்று பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. பிப்ரவரியில் முடிய வேண்டிய பணியை அரசு மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அந்த மருந்து புதியதல்ல. தனியார் மருத்துவமனைகளில் பொன்னுக்குவீங்கிக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசியில் அதே இரண்டு மருந்தும் பல ஆண்டுகளாக இருந்தவை. வசதியுள்ள பிள்ளைகளுக்குக் காசு கொடுத்துக் கிடைத்தது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கிடைத்தது. மலட்டுத்தன்மை என்ற வதந்திக்கு உண்மை நேர் எதிர். ரூபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால் கரு கலையலாம், பிறக்கும் பிள்ளைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரலாம். பெண் பிள்ளைகளின் பிற்காலத் தாய்மையைக் காப்பதற்கே அந்த ஊசி.

ஆனால் அரசின் பக்கமும் ஒரு குறை இருந்தது. இவ்வளவு பெரிய வேலையைத் தொடங்குமுன், இது என்ன மருந்து, ஏன் இப்போது, முன்பே போட்ட பிள்ளைக்கும் ஏன் மறுபடி என்று பெற்றோருக்கு வீடு வீடாகச் சொல்லிப் புரியவைக்கும் வேலை போதுமான அளவு நடக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் வாட்ஸ்அப் புகுந்தது.

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது?

நீங்கள் அதிகம் கேட்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாதரசம்: 1928இல் ஆஸ்திரேலியாவில் பண்டபெர்க் என்ற ஊரில் ஒரே குப்பியிலிருந்து பல பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்கள். குப்பிக்குள் கிருமி வளர்ந்திருந்தது. 12 குழந்தைகள் இறந்தார்கள். பலருக்குப் பயன்படும் குப்பியில் கிருமி வளராமல் காக்கும் ஒரு பொருள் வேண்டும் என்ற பாடம் அதிலிருந்து வலுப்பெற்றது. அப்படிச் சேர்க்கும் பொருள்களில் ஒன்று தையோமெர்சால். 6, 10, 14 வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசி தமிழகத்தில் 2011 டிசம்பரில் வந்தது. பல டோஸ் கொண்ட அதன் குப்பிகளில் இது 0.005 சதவீதம் இருக்கிறது. ஒரு டோஸில் 25 மைக்ரோகிராம், அதில் ஏறக்குறைய பாதி பாதரசம். இது எத்தில் பாதரசம். கடல் மீன்களில் சேரும் மெத்தில் பாதரசம் வேறு. மெத்தில் வகை ரத்தத்தில் வாரக்கணக்கில் தங்கும். எத்தில் வகை ஒரு வாரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். 1999இல் அமெரிக்கா முன்னெச்சரிக்கையாகக் குழந்தைகளின் ஊசிகளிலிருந்து இதைக் குறைத்தது. அதைத்தான் தடை செய்துவிட்டார்கள் என்று செய்தி அனுப்புகிறார்கள். டென்மார்க் 1992லேயே நிறுத்தியது. அங்கே ஆட்டிசம் குறையவில்லை. ஆகவே அதற்கு இது காரணம் அல்ல என்பது தெளிவாயிற்று.

ஆட்டிசம் பயத்தின் மற்றொரு வேர் 1998இல் 12 குழந்தைகளை மட்டும் வைத்து இங்கிலாந்தில் வெளியான ஒரு கட்டுரை. அதை எழுதிய வேக்ஃபீல்டின் மருத்துவர் பதிவையே 2010இல் நீக்கினார்கள். வெளியிட்ட லான்செட் இதழும் அதே ஆண்டு கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவர் குற்றம் சாட்டிய எம்.எம்.ஆர். ஊசியில் பாதரசம் எப்போதுமே கிடையாது. அது உயிருள்ள மருந்து, தையோமெர்சால் சேர்த்தால் மருந்தே கெட்டுவிடும்.

அலுமினிய உப்பு: உடம்பு மருந்தை நன்றாக அடையாளம் காண உதவுவதற்காக மிகச் சிறிய அளவில் சேர்ப்பது. பல பத்தாண்டுகளாகப் பயனில் உள்ளது. தாய்ப்பாலிலும் குடிநீரிலும்கூட அலுமினியம் சிறிதளவு உண்டு.

ஃபார்மலின்: நச்சை முடக்கப் பயன்படுத்தியதன் மிச்சம். நம் உடம்பே இயல்பாக உண்டாக்கும் பொருள், ஊசியில் இருப்பதைவிட அதிகமாகவே ரத்தத்தில் உண்டு.

ஜெலட்டின்: தட்டம்மை மருந்து சூட்டில் கெடாமல் இருக்கச் சேர்ப்பது. இது எந்த விலங்கிலிருந்து வந்தது என்பது சிலருக்கு மதம் சார்ந்த கேள்வி. இந்தோனேசியாவின் உலமா சபை 2018இல் இதை வெளிப்படையாகவே ஆராய்ந்தது. தயாரிப்பில் பன்றி சார்ந்த பொருள் பயன்பட்டதைச் சொல்லி, மாற்று மருந்து கிடைக்காத நிலையில் உயிர்காக்கும் தேவைக்காகப் போட்டுக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. உள்ளதை மறைக்காமல் சொல்லி, பிறகு வழியும் சொன்னார்கள். எல்லிஸ் துரையின் முறையைவிட இது நேர்மையானது.

அடுத்த புதன்கிழமை நீங்கள் கேட்கலாம்

நர்சம்மாவிடம் தயங்காமல் கேளுங்கள். இது எந்த ஊசி, காலாவதி தேதி என்ன? குப்பியின் மேல் ஒரு வட்டத்துக்குள் சிறு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை என்று பொருள். வட்டத்தின் நிறத்துக்கே வந்துவிட்டாலோ அதைவிடக் கறுத்துவிட்டாலோ பயன்படுத்தக் கூடாது. தட்டம்மை ரூபெல்லா, பி.சி.ஜி. ஆகியவற்றில் கிருமி வளராமல் காக்கும் பொருள் இல்லை. ஆகவே நீர் கலந்த 4 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். எப்போது கலந்தது என்று குப்பியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஊசிக்குழல் புதிய உறையிலிருந்து எடுக்கிறார்களா என்று பாருங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். ஒவ்வாமை வந்தால் உடனே கவனிக்க அதுதான் வழி. குழந்தைக்கு முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

நம் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளை நாம் பெருமையாகப் பேசுகிறோம். 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டியவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவர் உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்பது அதில் ஒரு விதி. விதி எல்லாரும் படிக்கும்படி சுவரில் இருந்தது. சுகாதாரத் துறைக்கும் மருந்து தயாரிப்பவருக்கும் அந்த விதி பொருந்தும். குப்பிக்குள் இருப்பதற்கு அவர்கள் கணக்குச் சொல்ல வேண்டும், நாம் கேட்க வேண்டும். கணக்குக் கேட்டபின், கிடைத்த விடையைச் சரிபார்த்தபின், பிள்ளையின் கையை நீட்டுவதும் நம் கடமைதான். தவணை தவறிய பிள்ளை நம் தெருவில் யாராவது இருந்தால், அட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். பெரும்பாலான ஊசிகளுக்கு விட்ட தவணையைத் தாமதமாகவும் போட்டுக்கொள்ளலாம்.